புத்தகக் கடைக்காரரின் சொல்லுக்கு விலை என்ன?

விடுப்புப் பயணச் சலுகையில் சொந்த ஊருக்குச் சென்று தில்லிக்குத் திரும்பும் நம்மவர் பெட்டிகளைத் திறந்து பார்த்தால் வடகம் இருக்கும், அப்பளம் இருக்கும், மாவடு இருக்கும், குலதெய்வத்தின் திருநீறு ஒரு பொட்டலம் இருக்கும். இவை யாவும் ஏறியபின் இடம் மிஞ்சினால் புத்தகம் ஏறும். இடம் மிஞ்சுவதில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் மேடையேறினால் நாம் பேசுவது தமிழின் தொன்மையைப் பற்றித்தான்.

சென்ற கோடையில் சீர்காழியில் கண்ட காட்சி ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணம். பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தொலைவில் ஒரு சிறு புத்தகக் கடை. முன்பக்கத்தில் பள்ளிக் குறிப்பேடுகள், வரைபடத் தாள்கள், கோனார் உரைநூல்கள். உள்ளே, வெளிச்சம் சற்றுக் குறைந்த பகுதியில், கதை, கவிதை, கட்டுரை. கடைக்காரர் எழுபதை நெருங்கியவர். நாங்கள் அங்கே நின்றுகொண்டிருந்தபோது, வடநாட்டு நகரம் ஒன்றில் பணிபுரியும் நம்மவர் ஒருவர் மனைவி மக்களுடன் வந்தார். "பையனுக்குப் பத்து வயசு. தமிழ் பேசுவான், படிக்கத்தான் வராது. என்ன கொடுக்கலாம், ஐயா?" என்று கேட்டார்.

கடைக்காரர் உடனே எதையும் எடுத்து நீட்டவில்லை. பையனை அருகே அழைத்து, எதிரே இருந்த மருந்துக் கடையின் பெயர்ப் பலகையை வாசிக்கச் சொன்னார். எந்த எழுத்தில் தடுக்குகிறான், எங்கே ஊகித்துத் தாவுகிறான் என்று பார்த்துக்கொண்டார். கிரிக்கெட் பிடிக்குமா, நாய் பிடிக்குமா, பேய்க்கதை பிடிக்குமா என்று விசாரித்தார். முக்கால் மணி நேரம் கழிந்தது. இறுதியில் ஏழு நூல்களைத் தேர்ந்து, எதை முதலில் படிக்க வேண்டும், எதை ஆறு மாதம் கழித்துத் தரவேண்டும் என்ற வரிசையில் பலகைமேல் அடுக்கினார். நம்மவர் தம் கைப்பேசியை எடுத்தார். ஏழு அட்டைகளையும் படம் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க, ஐயா. லக்கேஜ் அதிகமாயிடுச்சு. அங்கே போய் ஆர்டர் போட்டுக்கிறோம்" என்றார். போகும்போது பையனுக்குப் பத்து ரூபாயில் ஒரு பேனா வாங்கினார். "நல்லது தம்பி, போய்ட்டு வாங்க" என்று கூறிய கடைக்காரர், ஏழு நூல்களையும் ஒவ்வொன்றாக அவற்றின் இடத்தில் திரும்பச் செருகினார்.

அந்த அன்பரைப் பழிக்க எங்களுக்கு உரிமை இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அதே பலகையின் முன் நின்று நாங்களும் அதையே செய்தோம். படம் பிடிக்க நாணி, நூற்பெயர்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டோம் என்பது ஒன்றே வேறுபாடு. அதனால் நாங்கள் ஈட்டிய இலாபம் 42 ரூபாய்.

இதைத்தான் நாம் பேச வேண்டும். ஒரு மருத்துவரிடம் நோயைக் கூறி மருந்துச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அவருக்குரிய கட்டணத்தைக் கொடாமல் எழுந்து வர நாம் துணிவதில்லை. வழக்கறிஞரிடம் துணிவதில்லை. சோதிடரிடம்கூடத் துணிவதில்லை, அவருக்கு வெற்றிலை பாக்குடன் தட்சிணை வைக்கிறோம். புத்தகக் கடைக்காரர் ஒருவரிடம் மட்டும், ஐம்பது ஆண்டுக் கால வாசிப்பின் சாரத்தை முக்கால் மணி நேரம் இலவசமாகப் பெற்றுக்கொண்டு, நன்றி என்ற ஒரு சொல்லோடு வெளியேற நமக்கு மனம் வருகிறது. அவருடைய கட்டணம் நூலின் விலைக்குள் அடங்கியிருக்கிறது என்பதை நாம் மறந்துவிட்டோம். அல்லது மறந்ததுபோல் இருக்கிறோம்.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். கணக்கு எழுதிப் பிழைக்கும் நமக்கு அது கடினமன்று. தமிழ்ப் பதிப்பாளர்கள் சில்லறைக் கடைகளுக்கு விடும் கழிவு பெரும்பாலும் நூற்றுக்கு 25 முதல் 35 வரை. நடுவாக 30 என்று கொண்டால், 300 ரூபாய் நூல் ஒன்று விற்றால் கடைக்காரர் கையில் நிற்பது 90 ரூபாய். இதிலிருந்து சென்னையிலிருந்து சுமை வந்த கூலி, கடை வாடகை, மின்சாரம், உதவிப் பையனின் சம்பளம், ஈராண்டாகியும் விற்காமல் செல்லரிக்கும் பிரதிகள் ஆகிய அனைத்தும் போக வேண்டும். இணைய வணிகம் அதே நூலை 10 விழுக்காடு குறைத்துத் தருகிறது. அந்த 30 ரூபாய்க்காக அவருடைய 90 ரூபாயை நாம் அழிக்கிறோம். கோதுமை மாவு வாங்குவதில் இத்தகைய சிக்கனத்தை யாரும் குறை கூற மாட்டார்கள். மாவு எந்த ஊர்க் கடையில் வாங்கினாலும் மாவுதான். இன்ன மாவைத் தின்றால் உன் அறிவு வளரும் என்று எந்த மளிகைக்காரரும் நம் பிள்ளையைக் கூப்பிட்டுச் சோதித்துச் சொல்வதில்லை.

பிற நாட்டார் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பிரான்சு நாட்டில் 1981ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றினார்கள்; 1982 தொடக்கம் முதல் நடைமுறைக்கு வந்தது. பதிப்பாளர் குறிக்கும் விலையிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் எந்தக் கடையும் புதுநூலுக்குத் தள்ளுபடி தரலாகாது என்பது அதன் சாரம். பெருங்கடைகள் விலையைக் குறைத்துச் சிறுகடைகளை விழுங்கிவிட்டால், நன்றாக விற்கும் பத்து நூல்களைத் தவிர வேறெதையும் மக்கள் கண்ணால் காணமாட்டார்கள் என்று அவர்கள் அஞ்சினார்கள். நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. சட்டம் இல்லாத இடத்தில் வாசகனின் மனச்சாட்சிதான் சட்டம்.

"இணையத்தில் எல்லாம் இருக்கிறதே, மதிப்புரைகள் இருக்கின்றன, நட்சத்திரங்கள் இருக்கின்றன, கடைக்காரரின் சொல் எதற்கு?" என்று கேட்பாரும் உளர். நாம் ஏற்கனவே வாங்கியதைப் போன்ற இன்னொன்றைக் காட்டுவதில் இணையம் வல்லது என்பதை மறுப்பதற்கில்லை. நாம் கேட்கத் தெரியாத ஒன்றை எடுத்துக் கையில் வைப்பதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

எங்கள் அனுபவத்தையே கூறுகிறோம். தில்லிக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம். விடுமுறையில் அக்கடைக்குச் சென்று, வழிப்பயணத்துக்கு ஏதேனும் ஒரு வரலாற்று நாவல் வேண்டும் என்றோம். "தில்லியிலா வேலை? அப்ப ஆதவனைப் படிச்சிருப்பீங்களே, தம்பி" என்றார் கடைக்காரர். படித்ததில்லை, வெட்கமாக இருந்தது. 'காகித மலர்கள்' நாவலை எடுத்துத் தந்தார். தில்லியில் பணிபுரிந்து, தில்லித் தமிழரின் தயக்கங்களையும் பாசாங்குகளையும் எழுத்தில் வடித்தவர் ஆதவன். 1987இல் அவர் மறைந்தபின் அவருடைய 'முதலில் இரவு வரும்' தொகுப்புக்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு வந்தது. அடுத்த முறை இந்திரா பார்த்தசாரதியின் 'தந்திர பூமி'. அதற்கும் அடுத்த முறை, பம்பாய்க்குப் பிழைக்கப் போன பட்டதாரி இளைஞனின் கதையான நாஞ்சில் நாடனின் 'மிதவை'. வேலைக்காகப் புறப்பட்டு வந்த நம்மைப் பற்றித் தமிழில் ஓர் இலக்கியமே இருக்கிறது என்பதைத் தில்லியில் இருந்துகொண்டு நாங்கள் அறியவில்லை. 1965இல் 'கணையாழி' இதழ் பிறந்தது இதே தில்லியில் என்பதும் எங்களுக்கு அவர் சொல்லித்தான் தெரியும்.

இதனினும் வெட்கக்கேடான செய்தி ஒன்று உண்டு. வங்க நாவலான 'நீலகண்டப் பறவையைத் தேடி', உருது நாவலான 'அக்னி நதி' ஆகியவற்றைத் தமிழில் வெளியிட்டது நேஷனல் புக் டிரஸ்ட். தாராசங்கரின் 'ஆரோக்கிய நிகேதனம்' நாவலைத் தமிழில் வெளியிட்டது சாகித்திய அக்காதெமி. முன்னதன் மொழிபெயர்ப்பாளர்கள் முறையே சு. கிருஷ்ணமூர்த்தியும் சௌரியும், பின்னதைத் தமிழாக்கியவர் த. நா. குமாரஸ்வாமி. இரு நிறுவனங்களின் தலைமையகங்களும் இருப்பது தில்லியில். நாங்கள் அலுவலகத்துக்குச் செல்லும் பேருந்து மண்டி ஹவுஸ் வழியாக, அக்காதெமி அமைந்துள்ள ரவீந்திர பவனத்தைத் தாண்டித்தான் செல்கிறது. அந்நூல்களை நாங்கள் அறிந்ததும் வாங்கியதும் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், சீர்காழியின் வெளிச்சம் குறைந்த அலமாரியில். 'அக்னி நதி'யைக் கையில் தரும்போது, "முதல் அம்பது பக்கம் கஷ்டமா இருக்கும், தம்பி. விட்டுடாதீங்க" என்று ஓர் எச்சரிக்கையும் தந்தார். அவ்வெச்சரிக்கை இல்லையேல் நாற்பதாம் பக்கத்தில் நாங்கள் விட்டிருப்போம். எந்த நட்சத்திரக் குறியீடு இதைச் சொல்லும்?

அவர் சொல்வதெல்லாம் வேதம் என்று நாங்கள் கூறவில்லை. புதுக்கவிதை என்றாலே அவருக்கு முகம் சுளிக்கும். அத்துறையில் அவர் சொல்லைக் கேட்டால் அரிய பலவற்றை இழப்போம். மூன்று பாகங்கள் கொண்ட சரித்திர நாவல் ஒன்றை ஒரு முறை வற்புறுத்தித் தந்தார். 80ஆம் பக்கத்தில் குதிரை இன்னும் காட்டுவழியிலேயே போய்க்கொண்டிருந்தது, நாங்கள் இறங்கிவிட்டோம். அடுத்த முறை இதைக் கூறியபோது சிரித்துவிட்டு, இனி அந்த வகை எங்களுக்கு வேண்டாம் என்று நினைவில் குறித்துக்கொண்டார். தவறினால் தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லத்தக்க ஓர் ஆலோசகர் கிடைப்பது எளிதா?

பெரியவர்கள் எப்படியோ தேடிப் படித்துக்கொள்வார்கள். நம் பிள்ளைகளின் நிலைதான் உண்மையான இடர். அவர்கள் பள்ளியில் இந்தி படிக்கிறார்கள், ஆங்கிலம் படிக்கிறார்கள். தமிழ் வீட்டுக் கூடத்தில் மட்டும் வாழ்கிறது. உறவினர்கள் அன்போடு பிறந்தநாள் பரிசாகப் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் அனுப்புகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு அவ்வைந்து பாகங்கள் ஏறமுடியாத ஐந்து மலைகள். அவை கண்ணாடி அலமாரியில் விருந்தினர் பார்வைக்கு நிற்கின்றன. குழந்தையோ தமிழ் என்றாலே கனமானது என்று முடிவு செய்துவிடுகிறது. இம்முடிவை ஒன்பது வயதில் செய்த குழந்தை பத்தொன்பது வயதில் மாற்றிக்கொள்வதை நாங்கள் பார்த்ததில்லை.

எங்கள் மகளுக்குக் கடைக்காரர் வகுத்துத் தந்த வரிசை வேறு. முதலில் தூலிகா பதிப்பகத்தின் படக்கதைகள். அவற்றில் இருமொழிப் பதிப்புகளும் உண்டு, தமிழில் தடுக்கினால் ஆங்கிலத்தைப் பார்த்து எழுந்து நடக்கலாம். பிறகு அழ. வள்ளியப்பாவின் பாடல்கள், எதுகை ஓடுவதால் அடுத்த சொல்லைக் காது முன்கூட்டியே சொல்லிவிடும் என்பது அவர் தந்த காரணம். பிறகு நேஷனல் புக் டிரஸ்டின் மெல்லிய சிறுவர் நூல்கள். பத்து வயது கடந்தபின் கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்'. "வட்டார வழக்கா இருக்கே, புரியுமா?" என்று நாங்கள் ஐயுற்றோம். "பாட்டி பேசுறது புரியுதுல்ல? இதுவும் புரியும்" என்றார். அச்சுத் தமிழைக் காட்டிலும் பேச்சுத் தமிழையே அறிந்த வெளிமாநிலக் குழந்தைக்கு, பேச்சு மணக்கும் நூலே எளிது என்ற உண்மை, பட்டம் பெற்ற எங்களுக்குத் தோன்றவில்லை.

நூலகத் துறையின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் இதே சீர்காழியில் 1892இல் பிறந்தவர். பெயரின் முதலெழுத்தே ஊரைக் குறிப்பது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக்கினார். விடுதலைக்குப் பின் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். வாசகனுக்குரிய நூலையும் நூலுக்குரிய வாசகனையும் சேர்த்துவைப்பதே அவர் வகுத்த நெறியின் உயிர். அவருடைய பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று அக்கடைக்காரரை நாங்கள் கேட்டதில்லை. மருந்துக் கடைப் பலகையைப் பையனை வாசிக்கச் சொன்னபோது அவர் செய்தது அந்த வேலையேதான்.

"புத்தகக் காட்சிகள் இருக்கின்றனவே" என்பது அடுத்த மறுப்பு. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியின் பெருமையை யாம் மறுக்கவில்லை. ஆனால் அது நடப்பது பெரும்பாலும் சனவரியில். நமக்கு விடுப்பும் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் வருவது மே, சூனில். ஈரோட்டில் 2005 முதல் ஆகஸ்டு மாதத்தை ஒட்டி நடப்பதற்கும் நம்மால் போக இயலாது. சென்றாலும், நூற்றுக்கணக்கான அரங்குகளின் நெரிசலில் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு எழுத்துக் கூட்டச் சொல்ல யாருக்கு நேரம் இருக்கும்? அங்கும் நம் கண் முதலில் தேடுவது பத்து விழுக்காட்டுத் தள்ளுபடி எழுதிய அட்டையைத்தான்.

"சிற்றூர்க் கடைகளில் இலக்கியமா விற்கிறது? உரைநூலும் நோட்டும்தானே" என்று இகழ்வாரும் உண்டு. உண்மைதான். கோனார் உரையின் இலாபத்தில்தான் 'ஆரோக்கிய நிகேதனம்' அங்கே அலமாரியில் நிற்கிறது. உரைநூல் வாங்கும் உள்ளூர் மாணவன் இலக்கியத்துக்கு வாடகை கொடுக்கிறான். இலக்கியம் பேசும் நாம் படம் பிடித்துக்கொண்டு போகிறோம். யார் யாரை இகழ்வது?

சுமை என்ற சாக்கு இனிச் செல்லாது. பழைய பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது சிறு புத்தகக் கடைக்காரர்கள் தவித்துப் போனார்கள் என்பது மெய். ஆனால் 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்ற புதிய அஞ்சல் வந்திருக்கிறது. 300 கிராம் வரையுள்ள நூற்கட்டுக்கு 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. நம் நாட்டின் எந்த ஊருக்கும் இதே கட்டணம். தரைவழியில் வருவதால் சில நாள் கூடுதலாகும். வடகம் கொண்டுவர நாம் கொடுக்கும் சுமைகூலியைவிட இது குறைவு.

ஆதலால் நாங்கள் கேட்பது தருமம் அன்று. எவருடைய சொல்லைக் கேட்டு ஒரு நூலை அறிந்தோமோ, அவரிடமே, அச்சிட்ட விலைக்கு அதை வாங்க வேண்டும். அவ்வளவே. ஊருக்குப் போகும்போது மட்டும் தலையைக் காட்டாமல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை எழுதிக் கேட்க வேண்டும்: புதிதாக என்ன வந்திருக்கிறது, எங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று. சங்கங்களும் இதில் தவறியிருக்கின்றன. நாங்கள் கண்ட சங்க நூலகங்களின் அலமாரிகளில், வீடு மாற்றும்போது கழித்துக் கட்டிய நன்கொடை நூல்களே மிகுதி; சில இடங்களில் பழைய தொலைபேசி விவரத் திரட்டுகூட உண்டு. விழா மலர்களுக்கு விளம்பரம் திரட்டும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கைச் செலவிட்டு, உறுப்பினர்களின் சொந்த ஊர்களிலுள்ள நான்கைந்து நல்ல கடைகளுக்கு ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை நிலையான ஆணையாக அளித்து, "உங்கள் தேர்வுப்படி அனுப்புங்கள்" என்று எழுதினால், சில ஆண்டுகளில் அந்நூலகத்தின் முகமே மாறும். பல கடைக்காரர்களின் சுவையும் பிடிவாதமும் அதில் கலந்திருக்கும். ஒருவர் விலக்கிய புதுக்கவிதையை இன்னொருவர் அனுப்பிவைப்பார்.

நாங்கள் சென்ற கோடைக்குப் பின்தான் இவ்வழக்கத்தைத் தொடங்கினோம். எனவே பெருமை பேச ஏதுமில்லை. 'பிஞ்சுகள்' முடித்துவிட்டதாகவும் அடுத்து என்ன படிக்கலாம் என்றும் எங்கள் மகள் ஐம்பது காசு அஞ்சலட்டையில் தன் கையாலேயே கடைக்காரத் தாத்தாவுக்கு எழுதினாள். அதில் 'பறவை' என்பது இரண்டு இடங்களிலும் 'பரவை' என்று இருந்தது. நாங்கள் திருத்தாமல் அனுப்பிவிட்டோம். மூன்று வாரத்தில் கட்டு வந்தது. உள்ளே உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடியைக் களனாகக் கொண்ட சிறார் நாவல், 2023இல் சாகித்திய அக்காதெமியின் பால புரஸ்கார் பெற்றது. கூடவே முழு விலையும் அஞ்சல் கட்டணமும் எழுதிய பில். பில்லின் பின்புறத்தில் பென்சிலால், "பாப்பா, பரவை என்றால் கடல். அது திருமுல்லைவாசலில் இருக்கிறது. அடுத்த லீவுக்கு வரும்போது பஸ் ஏறிப் போய்ப் பார்" என்று எழுதியிருந்தார்.